பழைய டீசல் இன்னோவா வைத்திருக்கிறீர்களா? டைமிங் பெல்ட்டை எப்போது மாற்ற வேண்டும்: ஒரு முழுக் கணக்கு

ஏழெட்டுப் பேர் ஏறலாம், மலைப்பாதையிலும் மூச்சு வாங்காது, மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடியிருந்தாலும் வாங்க ஆள் வரும். முதல் தலைமுறை டொயோட்டா இன்னோவாவுக்கு இந்தியாவில் இருக்கும் பெயர் இதுதான். பெங்களூருக்குப் பக்கத்தில் உள்ள பிடதி ஆலையில் தயாராகி 2005-ல் விற்பனைக்கு வந்தது. 2016-ல் கிரிஸ்டாவுக்கு இடம் விட்டது. விற்பனை நின்று இத்தனை வருஷம் ஆகியும் டாக்ஸியாகவும், பள்ளி வேனாகவும், குடும்ப வண்டியாகவும் நாடு முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது.

அவற்றில் பெரும்பாலானவை 2.5 லிட்டர் டீசல் வண்டிகள். அந்த எஞ்சினின் முன்பக்கம், ஒரு மூடிக்குப் பின்னால், பல் வைத்த ரப்பர் பெல்ட் ஒன்று இருக்கிறது. அதுதான் டைமிங் பெல்ட். நேரத்துக்கு மாற்றினால் சில ஆயிரம் ரூபாயில் முடியும் வேலை. ஓட்டத்தில் அறுந்தால் எஞ்சின் ஹெட்டையே கழற்ற வேண்டி வரும். செலவு பல பத்தாயிரங்களில் தொடங்கி லட்சத்தைத் தாண்டலாம்.

சிக்கல் என்னவென்றால், இந்த பெல்ட் பெரும்பாலும் முன்னறிவிப்பு தராது. அதனால் "ஏதாவது சத்தம் வந்தா பார்த்துக்கலாம்" என்பது இங்கே செல்லாது. எண்களை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். அந்த எண்கள் என்னென்ன, அவற்றில் எதை நம்பலாம் என்று பார்ப்போம்.

சுருக்கமாக:

- கிலோமீட்டர், வயது இரண்டுக்கும் வரம்பு உண்டு. எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும்.
- மாற்றியதற்குத் தேதியும் கிலோமீட்டரும் போட்ட பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.
- மீட்டரில் எரியும் டி-பெல்ட் விளக்கு வெறும் எண்ணிக்கைக் கருவி. பெல்ட்டின் நிலைமை அதற்குத் தெரியாது.
- பெல்ட்டோடு டென்ஷனரையும் ஐட்லர் புல்லியையும் சேர்த்து மாற்றுங்கள்.

டைமிங் பெல்ட் என்ன வேலை செய்கிறது?

எஞ்சினின் கீழ்ப்பகுதியில் கிராங்க் ஷாஃப்ட் சுழல்கிறது. பிஸ்டன்கள் அதோடு மேலும் கீழும் போகின்றன. மேல்பகுதியில் கேம் ஷாஃப்ட் சுழல்கிறது. அது வால்வுகளைத் திறந்து மூடுகிறது. காற்று உள்ளே வர ஒரு வால்வு, புகை வெளியே போக ஒரு வால்வு. எந்த வால்வு எந்த நொடியில் திறக்க வேண்டும் என்பது பிஸ்டன் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. கீழே இருப்பதையும் மேலே இருப்பதையும் ஒரே தாளத்தில் வைத்திருப்பதுதான் டைமிங் பெல்ட்டின் வேலை. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்றும். இந்தக் கணக்கில் ஒரு பல்கூடத் தவறக் கூடாது.

இது எவ்வளவு பெரிய வேலை என்று ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். எஞ்சின் நிமிஷத்துக்கு 2,000 சுற்று ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கேம் ஷாஃப்ட் நிமிஷத்துக்கு 1,000 சுற்று, மணிக்கு 60,000 சுற்று. சராசரி வேகம் மணிக்கு 40 கி.மீ. என்றால், 1 லட்சம் கி.மீ. ஓட 2,500 மணி நேரம் ஆகும். இரண்டையும் பெருக்கினால் 15 கோடி. அதாவது 1 லட்சம் கி.மீட்டருக்குள் அந்த பெல்ட் கேம் ஷாஃப்ட்டை சுமார் 15 கோடி முறை சுற்றியிருக்கும். அதுவும் எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்திலேயே இருந்துகொண்டு.

அறுந்தால் என்ன ஆகும்?

பெல்ட் அறுந்த நொடியில் கேம் ஷாஃப்ட் நின்றுவிடும். அந்த நேரத்தில் திறந்திருந்த வால்வுகள் திறந்தபடியே நிற்கும். ஆனால் கிராங்க் ஷாஃப்ட் உடனே நிற்காது. வண்டி ஓடிக்கொண்டிருப்பதால் சக்கரம் அதைச் சுற்ற வைக்கும். பிஸ்டன்கள் மேலே வந்து திறந்து நிற்கும் வால்வுகளில் மோதும். வால்வு வளையும், ராக்கர் ஆர்ம் உடையும், சில சமயம் பிஸ்டனின் தலையிலும் அடி விழும்.

எல்லா எஞ்சின்களிலும் இப்படி ஆகாது. சில பழைய பெட்ரோல் எஞ்சின்களில் பிஸ்டனுக்கும் வால்வுக்கும் நடுவே போதிய இடைவெளி இருக்கும். பெல்ட் அறுந்தால் வண்டி நிற்கும், புது பெல்ட் போட்டால் ஓடும். டீசலில் அந்தச் சலுகை கிடையாது. டீசல் எஞ்சின் காற்றை மிக அதிகமாக அழுத்தி, அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்ற வைக்கிறது. அதற்காக, பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிகக் குறைந்த இடமே விடப்பட்டிருக்கும். டீசல் இன்னோவாவில் பெல்ட் அறுந்தால் எஞ்சினுக்குள் அடி விழும் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.

உயிருக்கும் ஆபத்து உண்டு. நெடுஞ்சாலையில் 90 கி.மீ. வேகத்தில் எஞ்சின் சட்டென்று நின்றால் பவர் ஸ்டியரிங் இறுகிவிடும். பிரேக்குக்குத் துணையாக இருக்கும் வெற்றிடம் ஒன்றிரண்டு மிதிக்குத்தான் தாங்கும். அதன் பிறகு பெடல் கல் மாதிரி ஆகிவிடும். பின்னால் லாரி வந்துகொண்டிருக்கும்போது ஏழெட்டுப் பேர் உட்கார்ந்த வண்டிக்கு இது நடக்கக் கூடாது.

என் வண்டியில் பெல்ட்டா, செயினா?

எல்லா எம்பிவிகளிலும் பெல்ட் இல்லை. சில எஞ்சின்களில் அதே வேலையை இரும்புச் செயின் செய்கிறது. செயின் எஞ்சின் ஆயிலில் நனைந்தபடியே ஓடும்; நேரத்துக்கு ஆயில் மாற்றினால் நீண்ட காலம் வரும். அதற்கு இந்தக் கட்டுரையின் கெடுக்கள் பொருந்தாது.

பெல்ட் உள்ளவை:

- இன்னோவா முதல் தலைமுறை, 2.5 லிட்டர் டீசல்
- அதற்கு முன் 2000-ல் வந்த டொயோட்டா குவாலிஸ் டீசல்
- 2015-ல் வந்த ரெனோ லாட்ஜி, 2012-ல் வந்த நிஸான் எவாலியா. இரண்டிலும் ஒரே குடும்பத்து 1.5 லிட்டர் டீசல் எஞ்சின்
- 1984 முதல் 2019 வரை தயாரான மாருதி ஆம்னியின் 796 சிசி எஞ்சின்
- 2001-ல் வந்த மாருதி வெர்ஸா

செயின் உள்ளவை:

- இன்னோவா முதல் தலைமுறை, 2.0 லிட்டர் பெட்ரோல்
- இன்னோவா கிரிஸ்டா டீசல்
- 2012-ல் வந்த மாருதி எர்டிகாவின் 1.4 பெட்ரோல், 1.3 டீசல்

ஒரே இன்னோவாவிலேயே டீசலுக்கு பெல்ட், பெட்ரோலுக்குச் செயின் என்பதைக் கவனியுங்கள். பெயரை வைத்து முடிவு செய்யாதீர்கள். வண்டியோடு வந்த கையேட்டில், பராமரிப்பு அட்டவணையில் டைமிங் பெல்ட் என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். கையேடு இல்லையென்றால், சேசிஸ் எண்ணைச் சொல்லி அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் கேட்கலாம்.

எத்தனை கிலோமீட்டர்? எத்தனை வருஷம்?

உங்கள் வண்டியின் கையேடு சொல்வதுதான் முதல் கணக்கு. பொதுவாக எஞ்சினைப் பொறுத்து 60,000 கி.மீ. முதல் 1,50,000 கி.மீ. வரை கெடு வைப்பார்கள். டீசல் இன்னோவாவுக்கு ஒர்க்‌ஷாப்களில் 1 லட்சம் என்றும் 1.5 லட்சம் என்றும் இரண்டு எண்ணும் காதில் விழும். பழைய வண்டிக்கு, அதுவும் முன்கதை தெரியாத வண்டிக்கு, 1 லட்சத்தை எல்லையாக வைத்துக்கொள்வதே பாதுகாப்பு. மீதி 50,000 கி.மீட்டரை மிச்சம் பிடிப்பதில் கிடைக்கும் லாபம் மிகச் சிறியது. ஏன் என்று கடைசியில் கணக்கோடு பார்ப்போம்.

கிலோமீட்டரை எல்லோரும் பார்க்கிறார்கள், வயதைத்தான் மறந்துவிடுகிறார்கள். ரப்பர் ஓடினாலும் வயதாகும், நின்றாலும் வயதாகும். வருஷத்துக்கு 6,000 கி.மீ. மட்டும் ஓடும் குடும்ப வண்டி 1 லட்சத்தைத் தொட 16 வருஷத்துக்கு மேல் ஆகும். அதுவரை அதே பெல்ட் தாங்கும் என்று நினைப்பது தப்பு. அதனால்தான் பராமரிப்பு அட்டவணைகளில் கிலோமீட்டரும் மாதக் கணக்கும் சேர்த்தே போடப்படுகின்றன.

முதல் தலைமுறை இன்னோவா விற்பனை 2016-ல் முடிந்துவிட்டது. கடைசியாக வந்த வண்டிகளுக்கே வயது பத்தை எட்டிவிட்டது. ஆகவே தொழிற்சாலையில் போட்ட பெல்ட்டே இன்னும் ஒரு வண்டியில் இருந்தால், மீட்டர் 70,000 என்று காட்டினாலும் அதை மாற்ற வேண்டிய காலம் வந்துவிட்டது.

கெடுவைச் சுருக்கும் காரணங்களும் உண்டு. புழுதி ரோடு, கடும் வெயில், அடிக்கடி நின்று நின்று ஓடும் நகர ஓட்டம், நீண்ட நேரம் எஞ்சினை ஓடவிட்டு நிற்பது. பெல்ட் மேல் எஞ்சின் ஆயிலோ கூலன்ட்டோ கசிந்தால் எந்தக் கெடுவும் செல்லாது. ஆயில் ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். கசிவைச் சரிசெய்யும்போதே பெல்ட்டையும் மாற்றிவிட வேண்டும். வெள்ளத்தில் மூழ்கி எடுத்த வண்டிக்கும் இதே விதிதான். சேறு மூடிக்குள் போனால் பற்களுக்கு இடையில் உட்காரும்.

மீட்டர் கணக்கில் வராத ஓட்டம்

டாக்ஸி ஓட்டுபவர்கள் இதை அவசியம் படியுங்கள். பயணி வரும்வரை ஏசி போட்டு எஞ்சினை ஓடவிட்டு நிற்கிறீர்கள். மீட்டர் ஒரு கிலோமீட்டர்கூட நகரவில்லை. ஆனால் பெல்ட் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நிற்கும்போது எஞ்சின் நிமிஷத்துக்கு 750 சுற்று என்று வைப்போம். ஒரு மணி நேரத்துக்கு 45,000 சுற்று. தினமும் ஒரு மணி நேரம் இப்படி நின்றால் வருஷத்துக்கு சுமார் 1.64 கோடி சுற்று. முன்பு பார்த்த அதே சராசரியில், ஓடும்போது ஒரு கி.மீட்டருக்கு எஞ்சின் 3,000 சுற்று சுற்றுகிறது. வகுத்துப் பார்த்தால் சுமார் 5,500 கி.மீ. வருகிறது. ஐந்து வருஷத்துக்கு 27,000 கி.மீட்டருக்கு மேல்.

நிற்கும்போது எஞ்சினுக்குச் சுமை குறைவு என்பதால் இதை அப்படியே கிலோமீட்டராகக் கூட்ட வேண்டியதில்லை. ஆனால் விமான நிலையத்துக்கு வெளியே தினமும் இரண்டு மூன்று மணி நேரம் எஞ்சினோடு நிற்கும் வண்டியும், நெடுஞ்சாலையிலேயே ஓடும் வண்டியும் மீட்டரில் ஒரே எண்ணைக் காட்டினாலும் பெல்ட்டின் உழைப்பு ஒன்றல்ல. முதல் வகை வண்டி என்றால் கெடுவை முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள்.

டி-பெல்ட் விளக்கு எரியவில்லை, அப்போ பரவாயில்லையா?

டொயோட்டாவின் பல டீசல் வண்டிகளில் மீட்டர் பலகையில் டி-பெல்ட் என்று ஒரு எச்சரிக்கை விளக்கு உண்டு. குறிப்பிட்ட தூரம் ஓடியதும் எரியும். எரிந்தால் மாற்ற வேண்டிய நேரம் வந்துவிட்டது, தள்ளிப்போடக் கூடாது.

ஆனால் இந்த விளக்குக்குப் பின்னால் பெல்ட்டைப் பார்க்கும் சென்சார் எதுவும் இல்லை. அது ஓடிய தூரத்தை மட்டும் எண்ணுகிறது. பெல்ட் ஆயிலில் ஊறியிருந்தாலும் அதற்குத் தெரியாது, பத்து வயது ஆகியிருந்தாலும் தெரியாது. பெல்ட் மாற்றிய பிறகு மெக்கானிக் மீட்டரில் உள்ள பொத்தானை வைத்து அதைப் பூஜ்ஜியத்துக்குக் கொண்டுவருவார். பெல்ட்டைத் தொடாமலேயும் அதைச் செய்ய முடியும். மீட்டர் பலகையையே மாற்றியிருந்தால் பழைய எண்ணிக்கை போய்விடும்.

ஆகவே விளக்கு எரிந்தால் நம்புங்கள். எரியாவிட்டால் அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாங்கும்போது "பாருங்க சார், லைட்டே வரலை" என்று புரோக்கர் சொன்னால், அதற்கு மதிப்பு எதுவும் இல்லை.

பார்த்தால் தெரியாதா? சத்தம் வராதா?

பழைய காலத்து பெல்ட்களில் வெடிப்பு தெரியும். இப்போது வருபவை ஹெச்என்பிஆர் என்ற வலுவான ரப்பரால் ஆனவை. உள்ளே கண்ணாடி இழை நூல்கள் ஓடும், பற்கள் மேல் துணி போர்த்தியிருக்கும். வெளியே வழவழவென்று இருக்கும்போதே உள்ளே நூல் பலவீனமாகியிருக்கலாம். மூடியைத் திறந்து பார்த்து வெடிப்பு, பிசிறு, ஆயில் தெரிந்தால் மாற்றுவது உறுதி. எதுவும் தெரியவில்லை என்றால் "இன்னும் ஓடும்" என்று அர்த்தம் கிடையாது.

காலையில் ஸ்டார்ட் செய்ததும் கீச்சென்று சத்தம் வருகிறதா? அது பெரும்பாலும் வெளியே தெரியும் பெல்ட்; ஆல்டர்னேட்டரையும் ஏசியையும் ஓட்டுவது. டைமிங் பெல்ட் பல்லில் கோர்த்து ஓடுவதால் வழுக்கிக் கீச்சிடாது. பலர் வெளி பெல்ட்டை மாற்றிவிட்டு "பெல்ட் மாத்தியாச்சு" என்று நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். பில்லில் எந்த பெல்ட் என்று எழுதியிருக்கிறது என்று பாருங்கள். முன்பக்க மூடிக்குள்ளிருந்து தொடர்ந்து உறுமல் போன்ற சத்தம் வந்தால் அது டென்ஷனர் அல்லது ஐட்லரின் பேரிங்காக இருக்கலாம். அதைத் தள்ளிப்போடக் கூடாது. பேரிங் இறுகினால் நல்ல பெல்ட்டும் அறுந்துவிடும்.

செகண்ட் ஹேண்டில் வாங்குகிறீர்களா?

டெல்லி தலைநகர்ப் பகுதியில் 10 ஆண்டு தாண்டிய டீசல் வண்டிகள் ஓடக் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் உத்தரவிட்டது. 2018-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஆமோதித்தது. 2025-ல் இந்த விவகாரம் மீண்டும் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. இடைப்பட்ட காலத்தில் டெல்லியின் பழைய டீசல் வண்டிகள் பல, தடையில்லாச் சான்று வாங்கி மற்ற மாநிலங்களுக்கு விற்கப்பட்டன. வண்டி மாநிலம் தாண்டும்போது பழைய மெக்கானிக்கும் சர்வீஸ் பில்களும் கூடவே வருவதில்லை.

இங்கேதான் எதை நம்பலாம் என்ற கேள்வி வருகிறது. வண்டியின் வயதை மறைக்க முடியாது. ஆர்சியிலும் எம்பரிவாஹன் செயலியிலும் பதிவுத் தேதி இருக்கிறது. எத்தனையாவது உரிமையாளர் என்பதும் தெரியும். கிலோமீட்டர் அப்படியல்ல. டிஜிட்டல் மீட்டரைக் குறைத்து வைப்பது பழைய வண்டிச் சந்தையில் தெரிந்த விஷயம்தான். மீட்டர் 90,000 என்று காட்டுகிறது, ஆனால் ஸ்டியரிங் வழவழவென்று தேய்ந்திருக்கிறது, பெடல் ரப்பர் மழுங்கியிருக்கிறது, ஓட்டுநர் சீட் அமுங்கிக் கிடக்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். முந்தைய உரிமையாளர் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் விட்டிருந்தால், வண்டி எண்ணை வைத்து அங்கே பழைய பதிவுகளைக் கேட்டுப் பார்க்கலாம்.

எஃப்சி புதுப்பித்திருக்கிறார்களே என்றால், அந்தச் சோதனை பிரேக், விளக்கு, புகை போன்றவற்றைப் பார்ப்பதற்கு. மூடிக்குள் இருக்கும் டைமிங் பெல்ட் அதில் வராது.

ஆகவே விதி எளிது. தேதி, கிலோமீட்டர், பார்ட் பெயர் மூன்றும் உள்ள பில் இருந்தால் அதிலிருந்து கணக்கு தொடங்கும். இல்லையென்றால் வாங்கிய வாரத்திலேயே பெல்ட்டை மாற்றி, அன்றிலிருந்து உங்கள் கணக்கைத் தொடங்குங்கள். விலை பேசும்போதே இந்தச் செலவைக் கழித்துக் கேளுங்கள்.

மூன்று உதாரணங்கள்

கணக்கு எப்படி வேலை செய்கிறது என்று மூன்று கற்பனை வண்டிகளை வைத்துப் பார்ப்போம்.

முதல் வண்டி: 2012 மாடல், ஒரே உரிமையாளர், 74,000 கி.மீ. எல்லா சர்வீஸ் பில்லும் இருக்கிறது. அவற்றில் டைமிங் பெல்ட் மட்டும் இல்லை. கிலோமீட்டர் பாக்கி இருக்கிறது, வயது எப்போதோ தாண்டிவிட்டது. உடனே மாற்ற வேண்டும். நன்றாகப் பராமரித்த வண்டிகளில் தப்பிவிடும் விஷயமே இதுதான்.

இரண்டாவது வண்டி: 2014 மாடல் டாக்ஸி, 2,80,000 கி.மீ. கடைசியாக 1,95,000-ல் மாற்றிய பில் இருக்கிறது. அதன் பிறகு 85,000 ஓடியிருக்கிறது. 1 லட்சம் என்ற எல்லைக்கு 15,000 பாக்கி. ஆனால் தினமும் காத்திருப்பு ஓட்டம் உண்டு. அடுத்த சர்வீஸிலேயே மாற்றிவிடலாம். சீசன் தொடங்கிய பிறகு வண்டியை நிறுத்துவதைவிட, முன்பே ஒரு நாள் நிறுத்துவது வருமானத்துக்கும் நல்லது.

மூன்றாவது வண்டி: 2015 மாடல், வேறு மாநிலத்திலிருந்து வந்தது, மூன்றாவது உரிமையாளர், மீட்டரில் 81,000 கி.மீ., பில் எதுவும் இல்லை. மீட்டரை மறந்துவிடுங்கள். பெல்ட் மாற்றும் வரை இதை நெடும்பயணத்துக்கு எடுக்காதீர்கள்.

பெல்ட் மட்டும் போதுமா?

போதாது. பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரும், வழிநடத்தும் ஐட்லர் புல்லியும் அதே அளவு ஓடியவை. புது பெல்ட்டைப் பழைய பேரிங் மேல் போட்டால், அடுத்த 1 லட்சத்துக்கு நடுவில் அந்த பேரிங் போகலாம். மூன்றையும் ஒன்றாக மாற்றுவதே சரி. பெல்ட் பக்கமுள்ள ஆயில் சீல் கசிந்தால் அதையும் அப்போதே மாற்ற வேண்டும்.

வாட்டர் பம்ப் விஷயத்தில் வண்டிக்கு வண்டி வித்தியாசம் உண்டு. டீசல் இன்னோவாவில் வாட்டர் பம்ப்பை வெளி பெல்ட் ஓட்டுகிறது. டைமிங் பெல்ட்டோடு சேர்த்து மாற்ற வேண்டிய கட்டாயம் இல்லை. லாட்ஜி, எவாலியா எஞ்சினில் வாட்டர் பம்ப்பை டைமிங் பெல்ட்டே ஓட்டுகிறது. அங்கே பம்ப்பையும் சேர்த்து மாற்றுவதுதான் புத்திசாலித்தனம். பம்ப் கசிந்தால் பெல்ட் நனையும். பிறகு எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டும்.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை:

- இந்த எஞ்சினுக்கு இதற்கு முன் டைமிங் பெல்ட் போட்டிருக்கிறீர்களா?
- போடப்போகும் பெல்ட், டென்ஷனர், ஐட்லர் எந்த கம்பெனி? பெட்டியைப் பிரிக்கும் முன் காட்டுவீர்களா? போலி பார்ட் புழங்கும் சந்தை இது. கடை பில் இல்லாமல் வாங்காதீர்கள்.
- பழைய பார்ட்களை என்னிடம் கொடுப்பீர்களா?
- குறிகளைச் சேர்த்துப் பூட்டிய பிறகு, ஸ்டார்ட் செய்யும் முன், கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்ப்பீர்களா? இரண்டு சுற்றில்தான் கேம் ஒரு சுற்று முடிக்கும். குறிகள் மறுபடி நேராக வந்தால்தான் வேலை சரி.
- டி-பெல்ட் விளக்கின் எண்ணிக்கையைப் பூஜ்ஜியம் ஆக்குவீர்களா?

வேலை முடிந்ததும் தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு ஸ்டிக்கரில் எழுதி பானெட்டுக்குள் ஒட்டச் சொல்லுங்கள். பில்லை ஃபோனில் படம் எடுத்து வையுங்கள். வண்டியை விற்கும் நாளில் அந்தப் படத்துக்கு மதிப்பு உண்டு.

செலவை எப்படிப் பார்ப்பது?

ஊருக்கு ஊர், ஒர்க்‌ஷாப்புக்கு ஒர்க்‌ஷாப் கூலி மாறும். இரண்டு இடத்தில் பார்ட், கூலி தனித்தனியாக எழுதி வாங்குங்கள். கணக்குக்காக மொத்தம் 10,000 ரூபாய் என்று வைப்போம். 1 லட்சம் கி.மீட்டருக்கு ஒரு முறை மாற்றினால் கிலோமீட்டருக்கு 10 பைசா. 1.5 லட்சம் வரை இழுத்தால் சுமார் 6.7 பைசா. மிச்சம் 3.3 பைசா. 50,000 கி.மீ. ரிஸ்க் எடுத்து ஓட்டினால் கையில் நிற்பது சுமார் 5,000 ரூபாய். அதற்காகப் பணயம் வைப்பது எஞ்சினை.

டாக்ஸி உரிமையாளருக்கு இன்னொரு செலவும் உண்டு. ஹெட் இறங்கினால் வண்டி வாரக்கணக்கில் பட்டறையில் நிற்கலாம். தவணை நிற்காது.

ஓட்டத்தில் அறுந்துவிட்டால்?

எஞ்சின் சட்டென்று நின்று, சாவியைத் திருப்பினால் வழக்கத்தைவிட லேசாக, எதிர்ப்பே இல்லாமல் சுற்றுகிறதா? பெல்ட்டைச் சந்தேகியுங்கள்.

- வேகம் இருக்கும்போதே இடப்பக்க ஓரத்துக்கு வந்துவிடுங்கள். பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாகப் பிடியுங்கள்.
- நான்கு விளக்கும் மின்னும்படி போட்டு, முக்கோணப் பலகையைப் பின்னால் வைத்து, எல்லோரையும் தடுப்புக்கு அப்பால் இறக்கிவிடுங்கள்.
- மறுபடி மறுபடி ஸ்டார்ட் செய்யாதீர்கள், தள்ளியும் ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் பிஸ்டன் இன்னொரு வால்வில் மோதலாம்.
- தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற உதவி எண்ணை அழைக்கலாம். வண்டியை இழுத்தே கொண்டுபோங்கள்.

ஒர்க்‌ஷாப்பில் "புது பெல்ட் போட்டு ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்போம்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பெல்ட்டைக் கோர்த்து முதலில் கையால் சுற்ற வேண்டும். தட்டினால் அங்கேயே நிறுத்த வேண்டும். பிறகு நான்கு சிலிண்டருக்கும் கம்ப்ரெஷன் பார்க்க வேண்டும். குறைவாக இருக்கும் சிலிண்டரில் வால்வு வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். ஹெட்டைக் கழற்றித்தான் ஆக வேண்டும். 15 வருஷப் பதிவுக் காலம் முடியப்போகும் வண்டி என்றால், அந்தச் செலவைச் செய்வதா, வண்டியைக் கொடுத்துவிடுவதா என்ற கேள்வியும் அங்கேயே எழும். நல்ல வண்டிகள் பல ஸ்கிராப்புக்குப் போவது இப்படித்தான்.

இன்றைக்கு நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. வண்டியின் பில் கட்டை எடுத்து, டைமிங் பெல்ட் என்ற சொல் எந்த பில்லிலாவது இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் அந்தத் தேதியையும் கிலோமீட்டரையும் குறித்துக்கொண்டு, மேலே சொன்ன எல்லையோடு ஒப்பிடுங்கள். இல்லையென்றால், அடுத்த நெடும்பயணத்துக்கு முன் ஒர்க்‌ஷாப்பில் நாள் கேட்டு வையுங்கள்.